கிணற்றுக்குள் கூடிய சபை

1971 ஜூலை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை, மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கு லைன் கிணற்றில் தண்ணீருக்குப் பதிலாகச் சட்டசபை வந்தது. முதலில் கண்டவள் இருபத்து மூன்றாம் வீட்டு ஒச்சம்மாள். வாளியை இறக்கினாள், வாளி தரை தட்டியது. எட்டிப் பார்த்தால் காய்ந்த மணல். அந்த மணலுக்கு அடியிலிருந்து ஒரு ஆண் குரல், ஆலுவாப் பக்கம் ஒரு ரோடு எப்போது போடப்படும் என்று மலையாளத்தில் மந்திரியைக் கேட்டது. பரிசீலனையில் இருக்கிறது என்று மந்திரி சொன்னார். ஒச்சம்மாள் பயப்படவெல்லாம் இல்லை. எரிச்சல்தான் பட்டாள். "உலை வைக்கத் தண்ணி கேட்டா ரோட்டப் பத்திப் பேசுறானுவ" என்று கிணற்றைத் திட்டிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்தாள். அன்று பஜாரில் சுக்கு விலை சற்று இறங்கியிருந்தது. சாயங்காலம் சபை கலைந்ததும் கிணற்றில் பழையபடி தண்ணீர் நின்றது.

இதை நம்புகிறவர் நம்பட்டும்; தேதி சரியானது. சுக்குக் கிடங்கின் பின்சுவரை ஒட்டி ஒரே வரிசையாக இருபத்து மூன்று ஓட்டு வீடுகள். உசிலம்பட்டிப் பக்கமிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் இஞ்சித் தோல் சீவவும், மிளகு புடைக்கவும், மூட்டை தூக்கவும் வந்தவர்களின் வீடுகள். மட்டாஞ்சேரியில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். லைன் நடுவில் இருந்த அந்த ஒரு கிணறு மட்டும் நல்ல தண்ணீர்க் கிணறு. கிடங்கு முதலாளி செத்துப்போய், பம்பாயிலிருந்த அவருடைய வாரிசுகள் எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார்கள். அப்போதுதான் மெம்பர் ராசப்பன், சட்டசபையில் அந்தத் தொகுதிக்காரர், லைன் வீடுகளை அதில் குடியிருப்பவர்களுக்கே கொடுக்கும்படி ஒரு தனி மெம்பர் மசோதா கொண்டுவந்தார். மசோதாவின் கடைசியில் ஒரு அட்டவணை. அதில் ஒன்று முதல் இருபத்து மூன்று வரை வீட்டு எண்கள். அவர் அதைச் சபையில் வைத்த நாளும் கிணறு பேச ஆரம்பித்த நாளும் ஒன்றே. மசோதாவைப் பற்றிச் சபை ஓட்டெடுத்து முடிவு சொல்லும்வரை வீடுகளைத் தொடக்கூடாது என்று கோர்ட் தடை போட்டது.

தனி மெம்பர் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டுமே நேரம். பாதி மெம்பர்கள் ஊருக்கு ரயில் பிடிக்கக் கிளம்பிவிடும் நேரம் அது. சபை கூடும் நாளெல்லாம் கிணற்றில் தண்ணீர் இருக்காது, பேச்சு மட்டும் இருக்கும். அந்த நாட்களில் பெண்கள் விடியுமுன் இறைத்து வைத்துக்கொள்ளப் பழகினார்கள். வெள்ளிக்கிழமைகளில் வேலை விட்டு வந்ததும் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு மசோதா எப்படி நடக்கிறது என்பதை இப்படித்தான் லைன் தெரிந்துகொண்டது. அது நடக்கவே இல்லை என்பதுதான் முதல் பாடம். முதல் வருஷம் பிரேரணை. அடுத்த வருஷம் பொதுஜன அபிப்பிராயம் கேட்டுச் சுற்றுக்கு விட்டார்கள். அபிப்பிராயம் மூட்டையாகத் திரும்பி வர மூன்றாம் வருஷம் ஆயிற்று. பிறகு தேர்வுக் கமிட்டி. கமிட்டி பத்துத் தடவை கூடி, ஏழு தடவை கோரத்துக்கு ஆள் சேராமல் கலைந்தது. அடுத்த தெருவில் குடியிருந்த சிவராமகிருஷ்ணன், எர்ணாகுளம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கிணற்று மேடையில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னார். "இதெல்லாம் இப்படித்தானாக்கும். பிள்ளை பொறக்கப் பத்து மாசம், சட்டம் பொறக்கப் பத்து வருஷம், கேட்டேளா?" என்பார். பத்து வருஷம் என்றதை அப்போது எல்லாரும் விளையாட்டு என்று நினைத்தார்கள்.

1974 இல் வாளியில் ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. வடக்குப் பக்கத்து மெம்பர் ஒருவருடையது. ஆவேசமாகப் பேசும்போது கழன்று விழுந்ததாம். ராசப்பன் வழியாக அதைத் திருப்பி அனுப்பினார்கள். பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போட்டுச் சீட்டும் வந்தது. அதன் பிறகு அவர் மசோதாவை எதிர்த்துப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார் என்று லைனில் நம்பினார்கள். நெருக்கடி நிலை வந்தது. அந்த இருபத்தொரு மாதமும் கிணற்றில் 'ஆம்' என்ற குரல் மட்டும் கேட்டது, இருமல்கூடக் கேட்கவில்லை. 1977 இல் தேர்தல் வந்து சபையே கலைந்தது. சபை கலைந்தால் மசோதாவும் காலாவதி; முடிவு சொல்லாமலே கலைந்ததால் கோர்ட் தடை மட்டும் நின்றது. ஆறு வருஷப் பேச்சு போன இடம் தெரியவில்லை. ஒச்சம்மாளின் புருஷன் மூட்டை சரிந்து இடுப்பு ஒடிந்து, படுக்கையில் கிடந்து, அந்த வருஷம்தான் செத்தான். சாகும்போது, வீடு நம்ம பேருக்கு ஆயிருச்சா என்று கேட்டான். அவள் ஆகிவிட்டது என்றாள்.

மறு வருஷம் ராசப்பன் திரும்பவும் மசோதாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரேரணைக்கே எதிர்ப்பு. சபாநாயகர் குரல் ஓட்டுக்கு விட்டார். அந்த நேரம் பார்த்து இருபத்திரண்டாம் வீட்டு மூக்கம்மாளிடம் சாயா குடித்தாயிற்றா என்று யாரோ கேட்க, அவள் கிணற்று விளிம்பில் நின்றுகொண்டு "ஆமா, ஆமா!" என்று கத்தினாள். அவளுக்கு எப்போதுமே பெரிய தொண்டை. பிரேரணை ஏற்கப்பட்டது. மறுநாள் பேப்பரில், ஆதரவுக் குரல்கள் ஓங்கி ஒலித்தன, அவற்றில் ஒரு பெண் குரலும் இருந்தது என்று போட்டிருந்தது. அன்று சபைக்குப் பெண் மெம்பர் யாரும் வந்திருக்கவில்லை. ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தோமே, பேசியிருக்கலாமே என்று லைன் முழுக்க தலையில் அடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் சபை மறுபடியும் கலைந்தது.

1980 இல் மூன்றாவது தடவையாக வந்தபோது மசோதா ஒருவழியாக ஷரத்து ஷரத்தாக விவாதத்துக்கு ஏறியது. திருத்தங்கள் மழையாகக் கொட்டின. வீட்டுக்கு ஏழு சென்ட் நிலம் என்பது ஐந்தானது, ஐந்து மூன்றானது. ஆகட்டும், மூன்று போதும் என்றார்கள். கடைசியில் ஒரு மெம்பர், இருபத்து மூன்றாம் வீட்டின் சுவரும் கிடங்கின் சுவரும் ஒன்றே, ஆகவே அந்த எண்ணை அட்டவணையிலிருந்து நீக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். ஒச்சம்மாள் அன்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். இசக்கிமுத்துதான் தைரியம் சொன்னான். பஜாரில் சுக்கு ஏலம் கூறுகிறவன், குரலுக்குப் பஞ்சமில்லை. "அக்கா, நீ கவலப்படாத. எதுக்கிறவங்க சொல்லுங்கன்னு அவரு கேக்கட்டும். நான் கையத் தூக்குறேன், மொத்த லைனும் 'இல்ல'ன்னு போடுற சத்தத்துல அவரு மேசை ஆடணும்."

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வேறு எந்த ஊர்க்காரர்களும் அப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். லைன்காரர்கள் எல்லாரும் சனிக்கிழமை ஏலத்தில் பொடிச் சுக்குக் குவியல் எடுத்துப் பிழைத்தவர்கள். ஏலத்தில் ஒரு தரம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஆசை தெரிந்துவிடும், எதிராளி ஏற்றிவிடுவான். ரெண்டு தரத்துக்கும் மூச்சு விடக்கூடாது. மூணு தரம் என்று வாயெடுக்கும்போதுதான் குரல் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்குக்கூட இது தெரியும். சபாநாயகர், எதிர்ப்பவர்கள் சொல்லலாம் என்றார். இசக்கிமுத்துவின் கை எழவில்லை. கிணற்றைச் சுற்றி அறுபது பேர் பல்லைக் கடித்துக்கொண்டு, உஷாராக, ரெண்டாம் தரத்துக்குக் காத்திருந்தார்கள். சட்டசபையில் ரெண்டாம் தரம் கிடையாது. திருத்தம் ஏற்கப்பட்டது என்று சொல்லி அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். ஒச்சம்மாளும்தான் வாயைத் திறக்கவில்லை. தன் வீடு போகிறது, தன் வாய் தன்னிடம்தான் இருக்கிறது, இருந்தும் திறக்கவில்லை. மற்றவர்களை அவள் கொஞ்ச நாளில் மன்னித்துவிட்டாள். இது மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை.

வருஷம் போவது தெரியவில்லை என்பார்கள். லைனில் தெரிந்தது. 1982 இல் சபை கலைந்தது, மசோதா செத்தது. 1983 இல் ராசப்பன் நாலாவது தடவையாக அதைத் தட்டச்சு செய்துகொண்டு வந்தார். தலை பூராவும் நரைத்திருந்தது, ஒரு கண்ணில் புரை. திருத்தங்களோடு சேர்த்துத்தான் கொண்டுவர முடிந்தது. இருபத்து மூன்றை மறுபடியும் சேர்த்தால் மறுபடியும் கமிட்டி. "ஒச்சம்மே, இனியொரு கமிட்டி வந்நால் ஞான் உயிரோடே இருக்கில்லா" என்று அவள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். அவள் அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். மற்ற இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் அவள் எதிரில் மசோதாவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை கிணற்றடியில் அவளுக்கென்று ஒரு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அவளும் வந்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன பண்ணுவது?

1985 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மசோதா மூன்றாம் வாசிப்புக்கு வந்தது. நிறைவேற்றலாமா வேண்டாமா, அவ்வளவுதான் பாக்கி. குரல் ஓட்டில் லைன் இந்த முறை ஒரு தரத்துக்கே கத்தியது. கிடங்கின் கூரையிலிருந்த புறாக்கள் கலைந்து பறந்தன. ஆதரவே அதிகம் என்றார் சபாநாயகர். எதிர்த்தரப்பு தலையை எண்ண வேண்டும் என்று எழுந்து நின்றது. எண்ணுவதில் குரல் செல்லாது. ஐந்து நிமிஷ மணி அடிக்க ஆரம்பித்தது. மணிச் சத்தத்துக்கு நடுவே ராசப்பன் யாரிடமோ சொன்னது கிணற்றில் தெளிவாகக் கேட்டது. ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு முப்பத்தொன்று. நம்முடைய ஆட்கள் இரண்டு பேர் கோட்டயம் ரயிலுக்குப் போய்விட்டார்கள்.

எல்லாரும் சிவராமகிருஷ்ணனைப் பார்த்தார்கள். அவர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சமமா வந்தா சபாநாயகர் ஓட்டு. அவர் உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்னுதான் போடுவர், அதுவாக்கும் சம்பிரதாயம். மசோதா போச்சு. கோர்ட் தடையும் போச்சு. திங்கட்கிழமை உங்க சட்டி பானையெல்லாம் தெருவிலே."

இசக்கிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தான். மூக்குக்கண்ணாடி மேலே வந்தது என்றால் ஆள் கீழே போகலாம்தானே? அதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. சிவராமகிருஷ்ணன்தான் குறுக்கே கையை நீட்டினார். தன் சொந்த லாபம் அடங்கிய விஷயத்தில் ஒருவன் ஓட்டுப் போட்டால் அந்த ஓட்டு செல்லாது, விதியில் இருக்கிறது என்றார். அழைப்பில்லாத ஒருத்தன் கிணற்று வழியாக ஏறிப்போவதற்கு விதியில் தடை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அட்டவணையில் வீடு உள்ளவன் ஓட்டு செல்லாது. லைனில் அட்டவணைக்கு வெளியே இருந்தது ஒரே ஒரு வீடு.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அறுபது முகமும் ஒச்சம்மாள் பக்கம் திரும்பி, அவள் கண்ணைப் பார்த்ததும் தரைக்குத் தாழ்ந்தன. கேட்க யாருக்கு வாய் வரும்? மசோதா தோற்றாலும் அவள் வீடு போகும், ஜெயித்தாலும் போகும். மூக்கம்மாள்தான் கடைசியில் அவள் கையைப் பிடித்தாள். "மதினி, நான் கேக்கக் கூடாது. கேக்குறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல."

"அன்னைக்கு வாய மூடிட்டு இருந்தீங்களே எல்லாரும்" என்றாள் ஒச்சம்மாள். அஞ்சு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னாள். "நானும்தேன் மூடிட்டு இருந்தேன், பாவி. சரி, அந்த ராட்டினக் கயித்தச் சரியாப் பிடி. விட்டுட்டா உன்ன வந்து சும்மா விடமாட்டேன்."

வாளிக் கயிற்றில் பலகை கட்டி, தூர் வாருகிறவனை இறக்குவதுபோல அவளை இறக்கினார்கள். சபைக்குப் போகிறவள் நல்லபடியாக உடுத்த வேண்டும் என்று ஸ்வர்ணலதாவின் வெள்ளை முண்டு ஒன்றை மேலே போர்த்திவிட்டார்கள். அவள் இசக்கிமுத்துவின் பெண்டாட்டி, ஒரு நல்ல முண்டு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். பாதிக் கிணறு இறங்கியதும் இறங்குகிறோமா ஏறுகிறோமா என்று ஒச்சம்மாளுக்குத் தெரியாமல் போயிற்று. பிறகு பார்த்தால் ஏறிக்கொண்டுதான் இருந்தாள். சபை மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் மெம்பர்கள் குடிக்க வைத்திருந்த பெரிய மண்ஜாடி ஒன்று உண்டு. அதன் மறைவிலிருந்து எழுந்தாள். எதிரே, ரயிலுக்குப் போய்விட்ட மெம்பரின் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். கதவுகளைச் சாத்தினார்கள். பக்கத்திலிருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். பதினாலு வருஷமாகக் குரலாக மட்டும் கேட்டவர்களை அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள். எல்லாரும் களைத்துப் போயிருந்தார்கள். சிலருடைய செருப்பு மேசைக்கு அடியில் கழன்று கிடந்தது. வேலை விட்டுக் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் போலத்தான் இருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக்காரரை அந்தக் கண்ணாடியை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாள். அவரும் கிழவராகியிருந்தார்.

உட்கார்ந்தே இருந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை, அவளே பிற்பாடு மூக்கம்மாளிடம் சொன்னதுதான். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் எல்லாருடைய வீடும் தன் வீடு மாதிரியே போகும். ஒரு நொடி அது நெஞ்சுக்கு இதமாகக்கூட இருந்தது. ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் சபாநாயகர். அந்த மண்டபத்தில் முதலில் எழுந்தவள் ஒச்சம்மாள். ராசப்பனே அவளுக்குப் பிறகுதான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எண்ணுகிறவர் பென்சிலை நீட்டிக்கொண்டே வரிசை வரிசையாக வந்தார், அவள் தலையையும் தொட்டு எண்ணினார், போனார். முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று. ராசப்பனின் கணக்கில் ஒரு தலை கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அதைத் திரும்ப எண்ணிப் பார்க்கிற தெம்பு அந்தச் சபையில் யாருக்கும் இல்லை. ராசப்பன் மட்டும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். புரை விழுந்த கண். என்ன தெரிந்ததோ, கைகூப்பினார்.

சபை கலைந்ததும் கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டதால் வந்த வழியே திரும்ப முடியவில்லை. காவலர் ஒருவரிடம் வழி கேட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். எர்ணாகுளம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கொல்லம் வரை நின்றுகொண்டே வந்தாள். காலையில் படகுத்துறையில் இறங்கியபோது லைன் முழுக்க அங்கே நின்றிருந்தது. யாரும் மாலை போடவில்லை, கோஷம் போடவில்லை. இசக்கிமுத்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவள் ஸ்வர்ணலதாவிடம் அந்த முண்டுத் துணியைக் கொடுத்து, ஓரத்தில் கொஞ்சம் அழுக்காகிவிட்டது, துவைத்தால் போய்விடும் என்றாள்.

1986 இல் கவர்னர் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு கிணறு பேசவில்லை. சபை கூடும் நாளிலும் தண்ணீர்தான். இருபத்திரண்டு வீட்டுக்கும் பட்டா வந்தது. வாரிசுகள் தாமதிக்கவில்லை, இருபத்து மூன்றாம் வீட்டை மட்டுமாவது எடுக்கக் கோர்ட் உத்தரவு வாங்கி அமீனாவை அனுப்பினார்கள். அமீனா பொறுப்பான மனுஷர். கிழக்கிலிருந்து எண்ணினார்: இருபத்திரண்டு வீடு. மேற்கிலிருந்து எண்ணினார்: இருபத்திரண்டு. ஒவ்வொரு கதவாகத் தொட்டு, பட்டாவை வாங்கிப் பார்த்து, சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டு எண்ணினார். இருபத்திரண்டுக்கும் பட்டா இருந்தது. வெயிலில் தலை சுற்றி, ஒச்சம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவளிடம் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நல்ல வெள்ளம், சேச்சி" என்றார். குறிப்பிட்ட வீடு ஸ்தலத்தில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த வருஷமும் வந்தார், எண்ணினார், தண்ணீர் குடித்தார், அப்படியே எழுதினார்.

இதில் கஷ்டமும் இருந்தது. அட்டவணையில் இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் வரவில்லை. ரேஷன் கார்டைப் புதுப்பிக்க வந்தவர்களுக்கும் வீடு அகப்படவில்லை; அவள் பங்கு அரிசியை இருபத்திரண்டு வீடும் முறை வைத்துக் கொடுத்தன. மழையில் ஓடு உடைந்தால் இசக்கிமுத்து ஏறி மாற்றினான். எந்த வீட்டுக் கூரையில் ஏறுகிறாய் என்று கிடங்கு வாட்ச்மேன் கேட்டால், எங்க அக்கா வீட்டுக் கூரை என்பான். வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்.

1987 தேர்தலுக்கு முன்னால் ஓட்டர் பட்டியல் சரிபார்க்கிறவர்கள் வந்தார்கள். இருபத்திரண்டு வீடு எண்ணி, பெயர்களை எழுதிக்கொண்டு, ஒச்சம்மாளைத் தாண்டிப் போனார்கள். மூக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை, பின்னாலேயே ஓடி அவர்களைக் கூட்டிவருவதாகக் கிளம்பினாள். ஒச்சம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு மதினி. நான் போட வேண்டிய ஓட்டப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.